யார் கடைசி? பிளாக்ஜாக் வெளியேற்றச் சுற்றில் எவ்வளவு பந்தயம் வைப்பது

ஏழு ஆட்டம் முடிந்துவிட்டது. உங்களிடம் 930 சிப் இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரரிடம் 900. மற்ற ஐந்து பேரும் 1,100-ஐத் தாண்டி நிற்கிறார்கள். எட்டாவது ஆட்டம் முடிந்ததும் யாரிடம் சிப் குறைவோ அவர் எழுந்து போக வேண்டும். இப்போது நீங்கள் பத்து வைப்பீர்களா, முந்நூறா, ஐந்நூறா?

இந்த இடத்தில் நன்றாக ஆடத் தெரிந்தவர்களே தடுமாறுகிறார்கள். பிளாக்ஜாக்கில் சீட்டுகளின் கூட்டல் 21-ஐத் தாண்டாமல், சீட்டுப் போடும் விடுதி ஆளான டீலரைவிட அதிகம் எடுக்க வேண்டும். கையில் 16, டீலரிடம் 10 என்றால் என்ன செய்வது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எவ்வளவு வைத்தீர்கள், ஏன் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. சாதாரண பிளாக்ஜாக்கில் அதற்கு அவசியமும் இல்லை. அங்கே எதிரி சூதாட்ட விடுதி. போட்டியில் எதிரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். டீலரிடம் தோற்றும் நீங்கள் பிழைக்கலாம், ஜெயித்தும் வெளியே போகலாம்.

ஆளாளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். சிறியதாக வைத்துக் காத்திரு, முதலிலேயே பெரிதாக அடி, அடுத்தவர் வைப்பதை வை, அவருக்கு எதிர்த் திசையில் வை, தோற்றால் இரட்டிப்பாக்கு. ஐந்துக்கும் இடம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் எல்லா நேரத்திலும் இல்லை.

## எந்த விதிகள்

இந்த வகைப் போட்டியைப் பரவலாக அறியச் செய்தது 2006-ல் அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த அல்டிமேட் பிளாக்ஜாக் டூர். ஒரு மேசையில் ஏழு பேர், ஒரு சுற்றுக்கு 30 ஆட்டம். 8, 16, 25-ஆவது ஆட்டங்களின் முடிவில் கடைசியில் இருப்பவர் வெளியேறுவார்; இதைத்தான் கீழே வெட்டு என்கிறேன். மிஞ்சியவர்கள் 30-ஆவது ஆட்டம் வரை மோதுவார்கள். இடையில் சிப் தீர்ந்தவரும் வெளியே. ஒரு சுற்றில் ஒரே ஒரு முறை, எவ்வளவு வைக்கிறோம் என்பதை மறைத்து ரகசியப் பந்தயம் வைக்கலாம்.

கணக்குக்காக நான் எடுத்துக்கொள்ளும் அளவுகள் இவை: ஆளுக்கு 1,000 சிப், குறைந்தபட்சப் பந்தயம் 10, அதிகபட்சம் 500, பத்து பத்தாகத்தான் கூட்ட முடியும். உங்கள் போட்டியில் எண்கள் வேறாக இருந்தால் விகிதத்தை மட்டும் பாருங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் மூன்று எண்களை மனதில் வைக்க வேண்டும். பேசிக் ஸ்ட்ராட்டஜிப்படி (எந்தக் கைக்கு எதைச் செய்வது என்று கணக்குப்போட்டு வகுத்த ஆட்ட முறை) ஆடினால் ஒரு ஆட்டத்தை வெல்ல வாய்ப்பு ஏறக்குறைய 43%, தோற்க 49%, மீதி 8% சொச்சம் சமன். வெல்வதைவிடத் தோற்பது அதிகம் என்பதால், "எல்லோரும் தோற்றால் நான் மேலே" என்ற நிலை, "எல்லோரும் ஜெயித்தால் நான் மேலே" என்ற நிலையைவிடக் கொஞ்சம் விலை கூடியது. முன்னதைத் தாழ்வைப் பிடிப்பது என்றும் பின்னதை உயர்வைப் பிடிப்பது என்றும் இங்கே சொல்லிக்கொள்வோம்.

அடுத்தது, எல்லோரும் மோதுவது ஒரே டீலரின் ஒரே சீட்டோடு. டீலர் 21-ஐத் தாண்டி உடைந்தால் மேசையில் உடையாமல் நிற்கும் எல்லோருக்கும் வெற்றி. அது ஏறத்தாழ 28% முறை நடக்கிறது. அவர் 20-ல் நின்றால் பெரும்பாலோருக்குத் தோல்வி. ஆக, குறிப்பிட்ட ஒருவர் ஜெயித்து அதே ஆட்டத்தில் நீங்கள் தோற்பது எட்டில் ஒரு முறைதான் நடக்கும். போட்டியில் பந்தயக் கணக்கு முழுவதும் இந்த எட்டில் ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

இதற்குப் பிறகு ஒவ்வொரு வழியிடமும் நான்கு கேள்வி கேட்கலாம். வெட்டப்படப் போகும் கடைசி ஆளிடமிருந்து நான் எவ்வளவு தூரம்? அவருக்கு முன்னால் நான் பந்தயம் வைக்கிறேனா, பின்னாலா? அந்தத் தூரம் அதிகபட்சப் பந்தயத்துக்குள் அடங்குகிறதா? இந்த ஆட்டத்தில் பிழைத்தாலும் அடுத்த கட்டத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்? நான்காவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. வழிகளின் மறைமுகச் செலவெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

## வழி ஒன்று: பத்து வைத்துக் காத்திருப்பது

முதல் எட்டு ஆட்டத்தில் நீங்கள் முதலாவதாக வர வேண்டியதில்லை, கடைசியாக வராமல் இருந்தால் போதும். மேசையில் ஒருவர் பெரிதாக வைத்தாலே பாதிக்கு ஒரு துளி குறைவான முறை அவர் உங்களுக்குக் கீழே போய்விடுவார். மூன்று பேர் அப்படி ஆடினால் ஒருவராவது விழும் வாய்ப்பு இன்னும் அதிகம். (ஒரே டீலர் என்பதால் மூன்று பேரும் சேர்ந்தே ஜெயிப்பதும் நடக்கும், அதனால் நினைக்கும் அளவுக்கு அதிகமில்லை.) பதறாத காரியம் சிதறாது என்பது இந்த எட்டு ஆட்டத்துக்கு அச்சாகப் பொருந்தும்.

இன்னொரு ஆதாயமும் உண்டு. பத்து வைத்து ஆடும்போது உங்கள் கண்ணுக்கு ஓய்வு. யாரிடம் எந்த நிறச் சிப் எத்தனை அடுக்கு, யார் பதற்றத்தில் பந்தயத்தைக் கூட்டுகிறார் என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். எட்டாவது ஆட்டத்தில் அந்த எண்ணிக்கை தேவைப்படும்.

செலவு பின்னால் வருகிறது. மூன்று வெட்டையும் இப்படியே தாண்டி 25-ஆவது ஆட்டத்தின் முடிவில் 950-ஓடு நிற்கிறீர்கள், முன்னணியில் இருப்பவரிடம் 2,600 என்று வைப்போம். இடைவெளி 1,650, அதிகபட்சப் பந்தயம் 500. அவர் பத்து பத்தாக வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் நீங்கள் நான்கு முறை முழுப் பந்தயம் வென்றாக வேண்டும். டபுளோ (பந்தயத்தை இரட்டிப்பாக்கி இன்னும் ஒரே ஒரு சீட்டு வாங்குவது) பிளாக்ஜாக்கோ (முதல் இரண்டு சீட்டிலேயே 21; பந்தயத்தைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்) கைகொடுக்காவிட்டால், தொடர்ந்து நான்கு ஆட்டம் வெல்ல வாய்ப்பு 3.4%. எந்த வெட்டிலும் சிக்காத உங்களுக்கு வாய்ப்பு எங்கே போனது? பத்து பத்தாக வைத்த ஆட்டங்களில் கரைந்துவிட்டது.

எல்லோருமே காத்திருந்தாலும் இந்த வழி படுத்துவிடும். ஏழு பேரும் 970-க்கும் 1,030-க்கும் நடுவே நின்றால் எட்டாவது ஆட்டம் லாட்டரிதான். அப்போது யார் கடைசியாகப் பந்தயம் வைக்கிறார் என்பது மட்டுமே எடுபடும்.

என் கணிப்பில் முதல் வெட்டுக்கு இது நல்ல வழி, இரண்டாவதுக்குப் பரவாயில்லை. 17-ஆவது ஆட்டத்திலிருந்து காலாவதி.

## வழி இரண்டு: தொடக்கத்திலேயே பெரிதாக அடிப்பது

முதல் ஆட்டத்திலேயே 500. ஜெயித்தால் 1,500. மற்றவர்கள் 1,000-ல் கிடக்கும்போது நீங்கள் சாய்ந்து உட்காரலாம். முன்னணியில் இருப்பவருக்குப் பந்தயம் வைப்பது சுலபம்: அடுத்தவர் என்ன செய்கிறார் என்று பார்த்து, ஒட்டி வைத்தால் போதும்.

தோற்றால்? கையில் 500. இன்னொரு 500 அடிக்க வேண்டியிருக்கும். தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்கும் வாய்ப்பு 24%. கண்ணை மூடிக்கொண்டு ஆடும் ஒருவர் முதல் வெட்டில் சிக்கும் வாய்ப்பு ஏழில் ஒன்று, அதாவது 14%. யாரும் கேட்காத ஆபத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி, இரண்டே ஆட்டத்தில் வாங்கியிருக்கிறீர்கள்.

ஆனாலும் இதைக் குப்பையில் போட மாட்டேன். மேசை முழுக்கச் சிறியதாக ஆடும் ஆட்களாக இருந்தால், அவர்கள் யாரும் துரத்த வரமாட்டார்கள் என்று தெரிந்தால், ஒரு பெரிய அடி மூன்று வெட்டையும் தாண்டவைக்கும். அதற்குச் சரியான நேரம் ஒன்றாவது ஆட்டம் அல்ல. ஒரு வெட்டு முடிந்த அடுத்த ஆட்டம். ஒன்பதாவது ஆட்டத்தில் 300 தோற்றால் மீட்க இன்னும் ஏழு ஆட்டம் இருக்கிறது, மேசையில் உள்ளவர்களின் குணமும் தெரிந்துவிட்டது. 17-ஆவதில் இந்த வாதம் இன்னும் வலுக்கும், ஏனென்றால் அங்கே தோற்றால் மீட்க எட்டு ஆட்டம் இருக்கிறது.

## வழி மூன்று: எதிராளியை ஒட்டி வைப்பது

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். உங்களிடம் 930, அவரிடம் 900. அவர் உங்களுக்கு முன்னால் 300 வைத்துவிட்டார்.

நீங்கள் பத்து வைத்தால், அவர் ஜெயிக்கும் ஒவ்வொரு முறையும் அவரிடம் 1,200, உங்களிடம் 940-க்குப் பக்கம். அதாவது 43% முறை நீங்கள் வெளியே. நீங்களும் 300 வைத்தால்? இருவரும் ஜெயித்தால் 1,230-க்கு எதிராக 1,200. இருவரும் தோற்றால் 630-க்கு எதிராக 600. இரண்டிலும் நீங்கள் முப்பது மேலே. தாழ்வும் உயர்வும் ஒரே பந்தயத்தில் உங்கள் கைக்கு வந்துவிட்டன. அவர் ஜெயித்து நீங்கள் தோற்கும் அந்த எட்டில் ஒன்றும், சமன் குறுக்கே வந்து கெடுக்கும் சில முறையும்தான் ஆபத்து. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

43% எங்கே, ஐந்தில் ஒன்று எங்கே! "முந்நூறு வைக்கப் பயமாக இருந்தது, அதனால் பத்து வைத்தேன்" என்பவர்கள் பயத்தால்தான் பெரிய ஆபத்தை வாங்குகிறார்கள்.

280 முதல் 320 வரை எதை வைத்தாலும் இந்தப் பூட்டு விழும். நான் 300-ஐத் தேர்ந்தெடுப்பேன். அவர் டபுள் செய்தால் அதே அளவுக்கு டபுள் செய்ய என்னிடமும் சிப் இருக்க வேண்டும்.

இந்த வழிக்கும் செலவு உண்டு. ஒருவரை ஒட்டி வைக்கும்போது மற்ற ஐந்து பேரும் அசையாமல் இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். மேலே இருப்பவர் ஒருவர் திடீரென்று 500 வைத்துத் தோற்றால் அவர் 600-க்கு இறங்குவார், அப்போது நீங்கள் 630-ல் இருப்பது வெறும் அதிர்ஷ்டம். அடுத்து, தோற்றுப் பிழைத்தால் 630-ஓடு ஒன்பதாவது ஆட்டத்துக்குப் போகிறீர்கள், மற்றவர்கள் 1,100-ல். அடுத்த வெட்டுக்கு நீங்களே முதல் ஆள். அதற்காக வைக்காமல் இருக்க முடியாது, உயிர்தான் முதல். ஆனால் ஒன்பதாவது ஆட்டத்திலேயே தாக்கத் தயாராக இருக்க வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை: ஒட்டி வைப்பது மேலே இருப்பவருக்கான ஆயுதம். கீழே இருப்பவர் அதைச் செய்தால் தன் தோல்வியைத் தானே உறுதி செய்துகொள்கிறார்.

## வழி நான்கு: எதிர்த் திசையில் வைப்பது

இப்போது இருக்கையை மாற்றுவோம். உங்களிடம் 850, அவரிடம் 950. அவர் முதலில் 350 வைக்கிறார். நீங்களும் 350 வைத்தால் ஜெயித்தாலும் நூறு பின்னால், தோற்றாலும் நூறு பின்னால். ஐந்நூறு அடித்தால் ஜெயிக்கும்போது 1,350. அவர் ஜெயித்தாலும் 1,300-தான், உயர்வு உங்களுக்கு. ஆனால் இருவரும் தோற்றால் 350-க்கு எதிராக 600. மொத்தமாகப் பிழைக்க 46% பக்கம்.

பெரும்பாலானோர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். 240 வைத்துப் பாருங்கள்.

அவர் தோற்றால் 600-க்கு இறங்குவார். நீங்களும் தோற்றால் 610. தாழ்வு உங்கள் கையில், அதுவே 49%. அவர் சமன் செய்து நீங்கள் ஜெயித்தால் 950-க்கு எதிராக 1,090, இன்னும் ஒரு 3%. இதோடு முடியவில்லை. அவர் 20-ல் நின்றுவிட்டார், டீலரின் திறந்த சீட்டு 6, அவர் உடைய வாய்ப்பு அதிகம், இந்த ஆட்டத்தை அவர் ஜெயித்துவிடுவார் போலிருக்கிறது என்று வையுங்கள். உங்கள் முறை இன்னும் வரவில்லை. முதல் இரண்டு சீட்டில் எதையும் டபுள் செய்யலாம் என்று விதி இருந்தால் 240-ஐ 480 ஆக்குகிறீர்கள். ஜெயித்தால் 1,330, அவரிடம் 1,300. பந்தயம் வைக்கும்போது தாழ்வைப் பிடித்தீர்கள், சீட்டைப் பார்த்த பிறகு உயர்வுக்குத் தாவினீர்கள்.

எனக்கு இந்த ஆட்டத்திலேயே பிடித்த கணக்கு இதுதான். செய்வதும் கடினமில்லை: அவர் தோற்றால் எங்கே நிற்பார் என்று பார்த்து, அதற்கு ஒரு படி மேலே நீங்கள் தங்கும்படி வைக்கக்கூடிய மிகப் பெரிய பந்தயத்தை வையுங்கள். பத்து வைத்தாலும் தாழ்வு கிடைக்கும், ஆனால் தாவ முடியாது.

கைவசம் உள்ள மொத்தத்தையும் தள்ளுபவர்கள் கவனிக்க வேண்டிய செலவும் இதுவே. எல்லாச் சிப்பும் பந்தயத்தில் போனால் டபுள் செய்யச் சிப் இல்லை, ஜோடி வந்தால் பிரித்து ஆடவும் சிப் இல்லை. உங்களிடம் 400, உங்களுக்கு மேலே இருப்பவரிடம் 700, அவர் பத்து வைத்துவிட்டார் என்றால் தேவை 320 மட்டுமே. ஜெயித்தால் 720, அவர் ஜெயித்தாலும் 710. மிச்சம் 80 வீரத்துக்காக மேசைக்குப் போக வேண்டாம்.

## வழி ஐந்து: தோற்றால் இரட்டிப்பு

50, 100, 200, 400 என்று போவது. ஒரு ஆட்டம் வென்றால் பழைய நட்டம் போக 50 மிச்சம். நான்கும் தோற்றால் 750 போச்சு. ஐந்தாவதாக 800 வைக்க அதிகபட்ச வரம்பும் விடாது, கையிருப்பும் விடாது. சமனை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நான்கு தொடர் தோல்விக்கு வாய்ப்பு 8%. சிறியது போலத் தெரியும். ஆனால் ஈடாகக் கிடைக்கும் 50 சிப்பை எட்டாவது ஆட்டத்தில் யாராவது 60 வைத்து வென்றே தாண்டிவிடலாம்.

வெட்டுக்கு இரண்டு மூன்று ஆட்டம் முன்னால், கடைசி இடத்திலிருந்து ஒரு படி மட்டும் ஏற வேண்டியிருக்கும்போது பயன்படும். அதைத் தாண்டி இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது நல்லது | மறைமுகச் செலவு |
|---|---|---|
| காத்திருப்பது | முதல் வெட்டு. மேசையில் அடித்து ஆடுபவர்கள் உள்ளபோது | கடைசி ஐந்து ஆட்டத்தில் எட்டிப்பிடிக்க முடியாத இடைவெளி |
| முதலில் அடிப்பது | வெட்டுக்கு அடுத்த ஆட்டம்; மேசை அடங்கி ஆடும்போது | இரண்டு தோல்வியில் ஆளே காலி |
| ஒட்டி வைப்பது | நீங்கள் மேலே, அவருக்குப் பின்னால் பந்தயம் வைக்கும்போது | தோற்றுப் பிழைத்தால் கையிருப்பு மெலியும் |
| எதிர்த் திசை | நீங்கள் கீழே, அவருக்குப் பின்னால் பந்தயம் வைக்கும்போது | அவர் ஜெயித்தால் டபுள் மட்டுமே வழி |
| இரட்டிப்பு | ஒரு படி ஏறினால் போதும் என்ற நிலை | 50-க்காக 750-ஐப் பணயம் வைப்பது |

## முதலில் பந்தயம் வைக்க வேண்டியவர் நீங்களானால்

அட்டவணையில் "பின்னால்" என்ற சொல் இரண்டு முறை வருகிறது. முன்னால் வைக்க வேண்டியவர் என்ன செய்வது?

அதே 930-க்கு எதிரே 900. இப்போது நீங்கள் முதலில் வைக்க வேண்டும். 500 வைத்தால் அவர் பத்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார், நீங்கள் தோற்கும் 49% அவருக்கு. பத்து வைத்தால் அவர் 50 வைப்பார், அவர் ஜெயிக்கும் 43% அவருக்கு. வித்தியாசம் ஆறு சதவீதம்தான், ஆனாலும் சிறியதே மேல். நீங்கள் பிழைக்கும் வாய்ப்பு 57%. பின்னால் உட்கார்ந்து ஒட்டி வைத்திருந்தால் 80% பக்கம் வந்திருக்கும். ஒரே கையிருப்பு, ஒரே சீட்டு. இருக்கை மட்டும் வேறு.

அதனால்தான் முதல் ஆட்டத்திலேயே எண்ணத் தொடங்க வேண்டும் என்கிறேன். முதலில் பந்தயம் வைக்கும் முறை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் இருக்கை நகரும். ஏழு பேர் இருக்கும் மேசையில் இடையில் யாரும் காலியாகாவிட்டால், ஒன்றாவது ஆட்டத்தில் முதலில் வைத்தவரே எட்டாவது ஆட்டத்திலும் முதலில் வைப்பார். ஒன்றாவதில் கடைசியாக வைத்தவருக்கு எட்டாவதிலும் அந்த வசதி. முதல் சீட்டு விழும் முன்பே பாதி விடை எழுதப்பட்டுவிட்டது. இடையில் ஒருவர் போனால் கணக்கு மாறும், உடனே திரும்ப எண்ண வேண்டும்.

ரகசியப் பந்தயத்தின் இடமும் இங்கேதான். அடுத்தவருக்குப் பின்னால் வைக்கும் ஆட்டத்தில் அதை எடுப்பது வீண், அவர் ஏற்கெனவே வைத்துவிட்டார், அவரிடம் மறைக்க ஒன்றுமில்லை. வெட்டு ஆட்டத்தில் நீங்கள் முன்னால் மாட்டிக்கொள்ளும்போது எடுங்கள். அவர் உங்களைப் பார்த்து வைக்க முடியாது, ஊகித்துத்தான் வைக்க வேண்டும். எட்டில் எடுப்பதா, முப்பதுக்குச் சேமிப்பதா என்பதற்கும் இருக்கை எண்ணிக்கைதான் பதில். 16-லும் 25-லும் உங்கள் இடம் பின்னால் வரும்போலிருந்தால் எட்டிலேயே செலவழித்துவிடலாம். இருபத்தைந்தாவது ஆட்டம் முடிந்த பிறகு கேள்வியே மாறிவிடும்: கடைசி ஆளைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை அன்றைய முதல் ஆளின் பக்கம் திருப்ப வேண்டும், அவருக்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை 500 இருக்கிறது என்று எண்ண வேண்டும்.